மார்லீன் வீட்டில் தெய்வம் எத்தனை?

இந்த ஊரில் வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்கமாட்டார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய மனக்குறையாக இருந்தது. பக்கத்து வீட்டு மார்லீன் என்னை முதன்முதல் உள்ளே கூப்பிட்டு, குசினிக் கதிரையில் இருத்தி, ஐஸ்கட்டி மிதக்கிற தண்ணீரை உயரமான கிளாசில் கொண்டுவந்து வைத்தார். வெளியே மைனஸ் இருபது. இந்தக் குளிருக்குள் ஐஸ்தண்ணி தருகிறாவே இந்த மனுசி என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். வன்னியில், எங்கள் ஊர் கண்டாவளையில், வீட்டுக்குச் சண்டைக்கு வந்தவர்களுக்கே பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவோம். அன்று மகள் வேலையால் வந்ததும் வராததுமாக முறைப்பட்டேன். அவள் சிரித்தாள். அவர்கள் மோர்மன் ஆட்கள், தேத்தண்ணி கோப்பி இரண்டும் அவர்கள் சமயத்துக்கு ஆகாது என்றாள். தேத்தண்ணி குடிக்காத சமயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை ஐம்பத்தெட்டு வயதில்தான் அறிந்துகொண்டேன்.

அல்பேட்டா மாகாணத்தின் தெற்கில், கோதுமை வயல்களுக்கு நடுவே கிடக்கும் சின்ன ஊர் இது. மகள் இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். அவள்தான் என்னை ஸ்பொன்சர் செய்து எடுத்தாள். அவள் வேலைக்குப் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணை மார்லீன்தான். எழுபது வயதுக்காரி. கணவர் கிளென் கோதுமை விதைத்தவர். இப்போது காணியை மகன்மாரிடம் விட்டுவிட்டு முழங்கால் நோவோடு வீட்டில் இருக்கிறார். என்னுடைய இங்கிலிஷ், வவுனியா முகாமில் உதவிக்கு வந்த வெள்ளைக்காரருக்குப் பதில் சொல்லிப் பழகிய இங்கிலிஷ். பெயர், வயது, எத்தனை பேர், யார் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடவுள் ஒருவரா பலரா என்று தர்க்கம் பண்ண நேரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கே சிரிப்புத்தான் வருகிறது.

விஷயம் தொடங்கியது என் பொட்டில். மார்லீனுக்கு ஒரு வேலை உண்டு, தன் குடும்பத்தின் பாட்டன் பூட்டன் பெயர்களையெல்லாம் தேடிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. கப்பலில் வந்திறங்கிய காலத்து ஆட்களின் பிறந்த நாள்கூட வைத்திருப்பார். ஒருநாள் என் நெற்றியைப் பார்த்து, இது கலியாணம் செய்தவர்கள் வைப்பதா, உன் கணவர் எங்கே என்று கேட்டார். காணாமல் போனவர் என்றேன். அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சொல்லு என்றார்.

சொன்னேன். அது கடைசிச் சண்டை நடந்த வருடம், தை மாதம். கண்டாவளையை விட்டு எழும்பி, உடையார்கட்டில் ஒரு மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தோம். இரண்டாம் நாள் விடிய அவருக்கு நினைவு வந்துவிட்டது, பசுவை அவிழ்த்துவிட்டோம், கன்றை அவிழ்க்கவில்லை. கட்டையில் நின்று காய்ந்து சாகப்போகிறது என்று புலம்பினார். செல் விழுகிற பக்கம் போகாதையுங்கோ என்று நான் காலைப் பிடிக்காத குறை. "பின்னேரத்துக்கிடையில வந்திடுவன், புட்டு அவிச்சு வை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவித்து வைத்தேன். அடுத்த நாள் மத்தியானம்வரை மூடி வைத்திருந்தேன். பிறகு பிள்ளை பசிக்கிறது என்றாள், கொடுத்துவிட்டேன். அவருடைய பங்கைக் கொடுத்துவிட்டேனே என்று இன்றுவரை மனம் குத்துகிறது. அதன்பிறகு எத்தனையோ பட்டியல், எத்தனையோ விண்ணப்பம். மரணச் சான்றிதழ் எடுங்கோ அம்மா, உங்களுக்குத்தான் நல்லது என்று நல்ல மனதோடு சொன்னவர்களும் உண்டு. நான் எடுக்கவில்லை. செத்த உடலைக் காணாமல் எப்படி எடுக்கிறது? பொட்டையும் அழிக்கவில்லை.

மார்லீன் என் கையை விடவேயில்லை. பிடித்தபடியே சொன்னார், தங்கள் நம்பிக்கையில் கணவனும் மனைவியும் சாவோடு பிரிவதில்லையாம். ஆலயத்தில் முறைப்படி இணைத்துவிட்டால் முடிவில்லாத காலத்துக்கும் குடும்பம் குடும்பமாகவே இருக்குமாம். இறந்துபோனவரோடும் அப்படி இணைக்கலாமாம். நான் அவர்களுடைய சபையில் சேர்ந்தால், ஒரு வருடம் கழித்து, அதைச் செய்யலாமாம். வற்புறுத்துகிற குரல் இல்லை அது. தன் பெட்டியில் இருப்பதிலேயே பெறுமதியானதை எடுத்து நீட்டுகிற குரல். அன்று நான் வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை. அவரோடு இருந்தது பத்தொன்பது வருடம். அது எனக்குக் காணாது. முடிவில்லாத காலத்துக்கும் என்று ஒருவர் சொன்னால், அது யார் சொன்னாலும், எந்தச் சாமி பெயரைச் சொல்லிச் சொன்னாலும், எனக்கு ஆசை வருமா வராதா? வந்தது.

இதைத் தங்கை சுகந்தியிடம் சொன்னதுதான் வினையாயிற்று. சுகந்தி உடையார்கட்டில் இருக்கிறாள். சண்டைக்குப் பிறகு, முகாமில் அவளுடைய பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கிறிஸ்தவ சபைப் பெண் வந்து பக்கத்தில் இருந்து பார்த்தாவாம், அன்றோடு இவள் சபைக்காரியாகிவிட்டாள். ஊர் திரும்பிய கையோடு வீட்டில் இருந்த சாமிப்படங்களை எல்லாம் ஒரு உரப்பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்து, "உன்ர தெய்வங்களோட வை, எனக்கு ஒரு தேவன் போதும்" என்றாள். அந்தப் படங்களோடு அவள் எங்கள் பழைய வாழ்க்கையையும், அதற்குள் இருந்த தன் அத்தானை, என்னுடைய மனுசனையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. அந்த வருடம் நான் பொங்கிக் கொடுத்ததை அவள் தொடவில்லை. படைத்ததைச் சாப்பிடக்கூடாதாம். அக்கா தங்கை இரண்டு பேரும் அதற்குப் பிறகு கதைத்தோம், ஆனால் நாட்டு நிலவரத்தைக் கதைப்பதுபோலக் கதைத்தோம்.

போனில் மோர்மன் என்றதும் சுகந்தி பதறிப்போனாள். "அக்கா, அவை ஒரு தேவனைக் கும்பிடுற ஆக்கள் இல்லை. பிதா வேற, இயேசு வேற, பரிசுத்த ஆவி வேற எண்டு மூண்டு ஆளாப் பிரிச்சு வைச்சிருக்கினம். அது பல தெய்வ வணக்கம்."

நீங்களும் அதே மூன்று பெயரைத்தானே சொல்கிறீர்கள் என்றேன். தங்களுக்கு மூன்றும் ஒன்று என்றாள். மார்லீனும் மூன்றும் ஒன்று என்றுதானே சொல்கிறா என்றேன். "அவைக்கு நோக்கத்தில மட்டும்தான் ஒண்டு. எங்களுக்கு உள்ளதிலயே ஒண்டு" என்றாள். எனக்கு இது விளங்க மூன்று நாள் எடுத்தது. மூன்று பேர் ஒரே மனதாக இருப்பது மார்லீன் ஆட்களுடைய ஒற்றுமை. ஒருவரே மூவராக இருப்பது சுகந்தி ஆட்களுடைய ஒற்றுமை. விளங்கியபிறகு, இதற்காகவா மனுசர் முகம் பார்க்காமல் திரிகிறார்கள் என்று தோன்றியது.

நான் ஒரு உண்மையை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். சுகந்தி பல தெய்வம் என்று குற்றம் சாட்டச் சாட்ட எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவள் சொல்வது மெய்யாக இருக்கட்டும் என்று நேர்ந்துகொள்ளாத குறை. ஏனென்றால் அங்கே மூன்று பேருக்கு இடமிருந்தால் நாலாவதாக என் அம்மனுக்கும் ஒரு ஓரத்தில் இடம் இருக்கும். நான் ஒன்றையும் விடாமல் அவரோடு போய்ச் சேரலாம். எங்கள் ஊரில் அரிவு வெட்டி முடித்ததும் குளக்கட்டில் பொங்குவோம். பூசாரியார் வரிசையாக இலை போடுவார். பிள்ளையாருக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று, ஐயனாருக்கு, வைரவருக்கு, நாகதம்பிரானுக்கு ஒவ்வொன்று, கடைசியில் பெயர் தெரியாமல் அந்த இடத்தில் இருக்கிறவருக்கும் ஒன்று. இலையில் குறைந்துவிட்டால்தான் எங்களுக்குப் பயமே தவிர, கூடிவிட்டது என்று ஒருவரும் பயந்ததில்லை. வயலால் வந்து உடம்பு முழுக்க வைக்கோல் தூசியோடு நின்று, அந்தப் புகைக்குள் அவர் என்னைப் பார்த்து, பசிக்குது என்று வயிற்றைத் தட்டிக் காட்டியது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பழைய நாள் என்றால் எனக்கு அந்த நாள்தான்.

சுகந்தி விடவில்லை, மார்லீனோடு நேரே கதைக்கவேண்டும் என்றாள். மார்லீனும் சந்தோஷமாக வரச்சொன்னார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் மார்லீனின் குசினி மேசையில், சீனிப் போத்தலில் போனைச் சாய்த்துவைத்தோம். அங்கே ஞாயிறு விடிய, சுகந்தி வெள்ளைச் சேலை உடுத்துச் சபைக்குப் புறப்பட்டு நின்றாள். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர். ஒரு தேவன்தான் என்று ஒருத்தி, எங்களுக்கும் வணங்குவதற்கு ஒரு பிதாதான் என்று மற்றவர். வீட்டுச் சுவர் முழுக்கத் தெய்வம் வைத்திருக்கிற நான் இரண்டு பக்கத்துச் சூட்டையும் ஆற்றி ஆற்றிக் கொடுத்தேன். சிலுவைக்கு முதல் இயேசு தோட்டத்தில் முழங்காலில் நின்று பிதாவிடம் மன்றாடினாரே, தன்னிடமே தானா மன்றாடினார் என்று மார்லீன் கேட்டார். நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. சுகந்தி வசனங்களை அடுக்கினாள். பிறகு, பிதாவுக்கும் உடம்பு இருக்கிறது என்கிறீர்களே, அப்படியென்றால் அவருக்கு முந்தி யார் என்று கேட்டாள். அதுவும் நல்ல கேள்விதான். மார்லீன், எனக்குத் தெரியாது, எல்லாம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்றார். தெரியாது என்று சொன்ன அந்த முகம் எனக்கு நிரம்பப் பிடித்தது.

மனுசரும் ஒருநாள் தெய்வம் ஆகலாம் என்று அவர்கள் சொல்வது உண்மையா என்று சுகந்தி கேட்கச் சொன்னாள். பிள்ளை வளர்ந்து தகப்பனைப் போல வரும், அதனால் தகப்பன் தகப்பன் இல்லாமல் போய்விடுவாரா என்றார் மார்லீன். மேசையின் மறுபக்கத்தில் இருந்த கிளென் உதவிக்கு வந்தார். தானும் தகப்பனும் தமையனும் நாற்பது வருடம் ஒரே பண்ணையைச் செய்தார்களாம். மூன்று ஆள், ஒரு பண்ணை, ஒரு மனது. கடவுள் விஷயமும் அப்படித்தான் என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரு வயல் செய்தால் வரம்பை வெட்டித் தள்ளிக் வழக்குப் பேசிக் கோட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள் என்று நான் சொன்னேன். கிளென் முழங்கால் நோவையும் மறந்து சிரித்தார். சுகந்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சபைக்கு நேரமாகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று நான் போகும்போது மார்லீன், வாசலில் நின்று, மெதுவாக இன்னொன்று சொன்னார். பரலோகத்தில் பிதா மட்டுமில்லை, தாயும் இருக்கிறா என்று தாங்கள் நம்புகிறார்களாம். அம்மன்! பெயர் என்ன, எங்கே கோயில், என்ன படைப்பீர்கள் என்று அடுக்கிக் கேட்டேன். பெயர் இல்லையாம், கோயிலும் இல்லையாம். பிதாவிடம்தான் மன்றாடுவார்களாம், தாயிடம் மன்றாடுகிற வழக்கம் இல்லையாம். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இத்தனை காலம் இந்தக் குளிருக்குள் ஒரு தாயை ஒரு இலைகூடப் போடாமல் இருத்தி வைத்திருக்கிறார்களே!

வன்னிக்காரி செய்யக்கூடிய பிழையை நான் செய்தேன். கல்கரியில் வாங்கி ஃப்ரீசரில் வைத்திருந்த வாழையிலையை எடுத்தேன். திங்கட்கிழமை விடியக் குளித்துச் சக்கரைப் பொங்கல் பொங்கி, கஜு, முந்திரிகை வற்றல் எல்லாம் தாராளமாகப் போட்டு, இலையோடு தட்டத்தில் வைத்துக் கொண்டுபோய் மார்லீனிடம் நீட்டி, உங்களுடைய தாய்க்கு என்றேன். நீங்களும் எங்களைப் போலத்தான், பல தெய்வம், மிகவும் நல்லது என்று மனம் நிறையப் பாராட்டியும் விட்டேன். மார்லீனின் முகம் செத்துவிட்டது. பின்னால் நின்ற கிளென், கோபமில்லாமல்தான் சொன்னார், உலகம் முழுக்க எங்களை இதைச் சொல்லித்தான் கிறிஸ்தவர் இல்லை என்கிறது, நீயுமா ராணி என்று. எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லது போலிருந்தது. நான் கொடுத்த பெரிய மரியாதை அவர்களுக்குப் பெரிய வசையாகப் போயிற்று. தட்டத்தைத் திருப்பிக் கொண்டுபோகவும் கை வரவில்லை. மார்லீன்தான் வாங்கிக்கொண்டார். வாங்கினவர் கதவடியிலேயே நின்று ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். சொந்தத் தங்கை தொடாத பொங்கல் அது.

பிறகு எல்லாம் வெளிப்படையாகக் கேட்டேன். சேர்ந்தால் என் அம்மனை விடவேண்டுமா? ஓம் என்றார், கண்ணைப் பார்த்து. பொய் சொல்லி என்னைச் சேர்த்திருக்கலாம், சொல்லவில்லை. ஒரு கிழமை முழுக்க அம்மன் படத்துக்கு முன்னால் இருந்து நியாயம் பேசினேன். உனக்கு எத்தனையோ பிள்ளைகள், எனக்கு அவர் ஒருவர்தானே என்றேன். அழுதேன், ஏசினேன். கடைசியில், நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவ சொன்னதாக நானே நினைத்துக்கொண்டேன். தெய்வம் எத்தனை என்ற தர்க்கத்தில் தோற்றாலும் பரவாயில்லை, சேருவோம் என்று முடிவெடுத்தேன்.

மார்லீன் கம்ப்யூட்டரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பக்கம் திறந்தார். சும்மா எழுதிப் பார்ப்போம், மற்றதெல்லாம் ஆறுதலாக என்றார். என் பெயர், பிறந்த இடம். அவர் பெயர், பிறந்த இடம். கண்டாவளை என்று அந்தத் திரையில் பார்த்ததும் கிட்டப்போய் இன்னொருமுறை வாசித்தேன். அடுத்த வரியில் இரண்டு சின்ன வட்டங்கள். உயிருடன் இருப்பவர், இறந்தவர். இரண்டில் ஒன்றைத் தொடவேண்டும். உயிருடன் என்றால் இணைக்க ஆளே வந்து நிற்கவேண்டும். இறந்தவர் என்றால் எந்த நாள், எந்த இடம் என்று கேட்கிறது. மார்லீன் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். முடிவில்லாத காலத்துக்கும் அவரோடு இருக்க ஒரு வட்டத்தைத் தொட்டால் போதும். அதைத் தொட்டால் அவரைச் சாக்கொடுத்தது நான். என் கை எழும்பவில்லை.

அடுத்த நாள் காலை சுகந்திக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம். அத்தானைச் செத்தவர் என்று குறிக்கச் சொல்லுது என்றேன். நான் சொன்னேன்தானே என்று வெற்றிக்கொடி கட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"குறிச்சிட்டியோ?"

"இல்லை."

"குறிக்காதை அக்கா. எங்கட சபையில செத்த ஆக்களுக்காக ஜெபிக்கிறேல்லை. செத்தால் அது தேவன்ர தீர்ப்பு, நாங்கள் அதில வாய் வைக்கேலாது. நான் அத்தானுக்காக ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறன். பாஸ்டருக்கும் தெரியும். ஏனெண்டு அவர் ஒருநாளும் கேட்கேல்லை."

நான் வாய்விட்டு அழுதேன். இத்தனை வருடமாக அந்த உரப்பையோடு அவள் அவரையும் கட்டிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்திருந்தேனே, பாவி நான்.

மார்லீனிடம் போய் என்னால் முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. தங்கள் ஆலயத்தில் உயிரோடு இருப்பவர்களுக்காக மன்றாடுகிற ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அதற்குத் தேதி தேவையில்லை, பெயர் மட்டும் போதும் என்றார். என் மனுசனுடைய பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுத்தெழுத்தாக என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். இப்போது மார்லீன் தன் பிதாவிடம் கேட்கிறார். சுகந்தி தன் ஒரே தேவனிடம் கேட்கிறாள். நான் சுவரில் இருக்கிற எல்லாரிடமும் கேட்கிறேன். தெய்வம் எத்தனை என்று எங்கள் மூன்று பேருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. யாருக்காகக் கேட்கிறோமோ அந்த மனுசன் மட்டும் ஒருவர்தான்.

போன மாதம் ஒருநாள் சுகந்தி வீடியோவில் வந்தாள். கண்டாவளையில் பூட்டிக் கிடக்கிற என் வீட்டை இடைக்கிடை பஸ்ஸில் போய்க் கூட்டிவிட்டு வருகிறவள் அவள்தான். அன்று முற்றத்தில் நின்றபடி கமெராவைத் திருப்பி முன்கதவைக் காட்டினாள். நீலப் பெயின்ரில், பெரிய பெரிய இலக்கங்களில், என் கனடா நம்பர். நான் ஊரைவிட்டு வந்த கிழமையே எழுதினதாம், மழைக்கு மங்க மங்க மேலே பூசுகிறாளாம். நம்பருக்குக் கீழே அவளுடைய கோணல் எழுத்து: அத்தான், அக்கா இஞ்ச இல்லை, இந்த நம்பருக்கு எடுங்கோ.